பாத்திரத்தில் மீந்தது

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். காப்பி நான் போட்டதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாமல் நேரிலேயே வந்துவிட்டீர்கள். நீங்கள் தொகுக்கிற நூலில் என் கட்டுரையைச் சேர்க்க வேண்டும், அதற்கு என் சம்மதக் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதானே. பல துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து திருமறையைப் படித்ததற்குத் தமிழில் இதைப்போல் இன்னொரு முன்மாதிரி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதிலும் ஏழாம் பக்கத்தைத் தனியாகப் பாராட்டியிருந்தீர்கள். எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டுகிறார்கள்.

கையெழுத்துப் போடுவதில் எனக்குத் தடை இல்லை. அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் போடுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. இறையியல் கல்லூரியில் எபிரெயம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குருப்பட்டமும் பெற்றிருந்ததால், பக்கத்தில் சாந்தவிளை சபையின் ஞாயிறு ஆராதனையையும் என்னையே கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். சின்னச் சபை. நூறு குடும்பம் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. உங்களுக்குத் தெரிந்ததுதான், எல்லாருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம். பந்தி பந்தியாக வந்து பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடுவார்கள். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பேன்.

அந்தச் சபையில் தங்கபுஷ்பம் டீச்சர் என்று ஒருவர். தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் மஸ்கட்டில். அவருக்கு விரல் நுனிகளில் தொடங்கிய வெள்ளை, நான் அங்கே போவதற்குள் வாயைச் சுற்றி வந்துவிட்டது. உதடு இரண்டும் முழுக்க வெள்ளை. கறுத்த முகம், அதனால் தூரத்திலிருந்தே தெரியும்.

டீச்சர் கடைசிப் பந்தியில் வருவார். கடைசிப் பந்தியிலும் கடைசி ஆளாக. அவருக்குப் பிறகு யாரும் அந்தப் பாத்திரத்தில் வாய் வைக்கத் தேவை இல்லாதபடி. யாரும் அவரிடம் அப்படி வரச் சொல்லவில்லை. ஒருமுறை டீச்சர் குடித்ததும் பாடகர் குழுவில் ஒரு பெண் தன் கைக்குட்டையை எடுத்துப் பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் குடித்தாளாம், அதற்கப்புறம் டீச்சராகவே பின்னால் போய்விட்டார் என்று சொன்னார்கள். அது எனக்கு முந்திய காலம். அந்த வழக்கத்தை நான் ஏற்படுத்தவில்லை, அதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு திருவிருந்து ஞாயிறு. ஆராதனை முடிந்து குரு உடுப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். டீச்சர் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க டீச்சர்."

"அடுத்த மாசம் நான் நடுப்பந்தில வரட்டுமா?"

இதுதான் கேள்வி. வாங்க என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இத்தனை ஆண்டாக யோசித்துப் பார்க்கிறேன், வாங்க என்பது எவ்வளவு சின்னச் சொல். ஆனால் நான் படிப்பாளி. எனக்கு அந்த நிமிஷத்தில், குஷ்டரோகியை அசுத்தன் என்று விலக்கி வைக்கச் சொல்கிற லேவியராகமம் பதின்மூன்றாம் அதிகாரம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. தமிழில் குஷ்டம் என்று போட்டிருக்கிற சொல், எபிரெயத்தில் ஸாரஅத். அது குஷ்டம்தானா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். சபை முழுக்க டீச்சரின் வெள்ளையை அந்த அதிகாரத்தின் கண்ணால்தானே பார்க்கிறது. வேரிலேயே கை வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"ஒரு வருஷம் பொறுங்க டீச்சர். முறையாப் படிச்சு, ஆதாரத்தோட சபைக்குச் சொல்லிருவோம்" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். வீட்டுப்பாடம் நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பதுபோல. "படிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வருஷம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வருஷம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. தோல் டாக்டர் ஜீனத்தைப் பிடித்தேன். பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பார்க்கிற உலகம்மாளைப் பிடித்தேன். சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் கல்லூரி நூலகத்தின் பின்னறையில் உட்காருவோம். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு பாதிரி, நடுவில் மோசேயின் சட்டம். ஜீனத் என்னை ஃபாதர் என்றுதான் கூப்பிடுவார். நான் ஃபாதர் இல்லை, எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்று எத்தனை முறை சொன்னாலும், "அது உங்க குடும்ப விஷயம் ஃபாதர்" என்பார்.

அதே சொல் துணிக்கும் வருகிறது, வீட்டுச் சுவருக்கும் வருகிறது என்று நான் காட்டியபோது ஜீனத் விழுந்து விழுந்து சிரித்தார். "செவத்துக்கு வந்தா எங்கிட்ட கூட்டிட்டு வராதீங்க, கொத்தனாரப் பாருங்க." ஆனால் அந்தச் சிரிப்பில்தான் எங்களுக்கு வழி திறந்தது. சுவருக்கும் துணிக்கும் ஆளுக்கும் பொதுவாக வருகிற ஒன்று, இன்றைக்கு ஆஸ்பத்திரியில் குஷ்டம் என்று சொல்கிற நோயாக இருக்க முடியாது. டீச்சரைக் கூப்பிட்டு ஜீனத் பரிசோதித்தார். வெண்புள்ளி. நோய்கூட இல்லை, நிறம் போவது. தொத்தாது. ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுத்தம், அசுத்தம் என்று பிரிப்பது உடம்பைப் பற்றியது அல்ல, யாரை எந்த வரிசையில் வைப்பது என்பதைப் பற்றியது என்று உலகம்மாள் எடுத்துக் காட்டினார். மூன்று நூலும் ஒன்றாக முறுக்கேறி ஒரு கயிறாவதை நான் கண்ணால் பார்த்தேன். நீங்களும் இந்தத் துறையில் இருப்பவர், அந்த ஆனந்தம் உங்களுக்குப் புரியும்.

உலகம்மாள் ஒரு விதமான ஆள். புத்தகத்தை நம்பமாட்டார். ஒரு சனிக்கிழமை, கட்டுரை ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரம். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், கடைசியில அந்த டீச்சர் குடிச்சப்புறம் கிண்ணத்துல மிச்சம் இருக்குமா?"

"இருக்கும்."

"அத என்ன செய்வீங்க?"

"நடத்துற பாதிரி ஐயரே குடிச்சிரணும். அதுதான் ஒழுங்கு."

"ஒழுங்கு கெடக்கட்டும் சார். புத்தகத்துல என்ன இருக்குங்கறது உங்க வேல. ஆளுக என்ன செய்றாகங்கறது என் வேல. நீங்க என்ன செய்வீங்க?"

"குடிச்சிருவேன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்லப்போகிறோம் என்று எண்ணிச் சொல்லவில்லை. கல்லூரிச் சிற்றாலயத்தில் நான் நடத்தும்போது மீந்ததை நான்தான் குடிப்பேன். அதை நினைத்துச் சொல்லியிருக்கலாம்.

சாந்தவிளையில் ஊற்றிவிடுவேன். பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் கதவு. அதற்கு வெளியே சுவரோரம் ஆள் நடமாட்டம் இல்லாத மண். கால்படாத மண்ணில் ஊற்றலாம் என்று ஓர் இளக்கம் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு முந்தி இருந்த ஐயரும் அப்படித்தான் செய்தார், நான் போன முதல் மாதமே, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஏசுவடியான் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். நானும் ஊற்றினேன். எனக்கு அப்போது சர்க்கரை வந்திருந்தது, அதுவும் உண்மை. டாக்டர் சீட்டு இருக்கிறது. கல்லூரியில் குடிக்கும்போது அந்தச் சர்க்கரை எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அதை ஏற்கெனவே ஒருவன் கேட்டுவிட்டான்.

ஏழாம் பக்கம் அப்படித்தான் வந்தது. "கடைசியாக அவர் பருகிய பாத்திரத்தில் மீந்ததைச் சபையின் குரு அருந்துகிறார். மொழிபெயர்ப்பு இன்னும் அறியாததை அந்த வாய் முன்பே அறிந்திருக்கிறது." இரண்டாவது வாக்கியம் என்னுடையது. அதைத்தானே நீங்கள் கடிதத்தில் எடுத்துப் போட்டிருந்தீர்கள். எழுதின அன்றைக்கு எனக்கே உடம்பு சிலிர்த்தது. எந்த வாய், யாருடைய வாய் என்று எழுதும்போது நான் நினைக்கவே இல்லை.

கட்டுரை வெளிவந்ததும் முதல் பிரதியை டீச்சர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்கார்ந்து முழுசையும் விளக்கிச் சொன்னேன். எபிரெயச் சொல்லைப் பலகையில்லாமல் விரலால் காற்றில் எழுதிக் காட்டினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆக, உங்களுக்கு இருக்கிறது குஷ்டம்னு வேதத்துல சொல்றது இல்ல டீச்சர். அந்த அதிகாரத்திலயே முப்பத்தொன்பதாம் வசனத்துல..."

"தேமல்னு போட்டிருக்கு. சுத்தம்னும் போட்டிருக்கு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"இருபது வருஷமாத் தெரியும் ஐயா. உதட்டுக்கு வந்த அன்னைக்கே தேடிப் படிச்சிட்டேன்." மடியில் கிடந்த பிரதியைத் தடவி மூடினார். "நான் சுத்தமான்னு உங்ககிட்ட கேக்கலையே."

"பின்ன?"

"நடுப்பந்தில வரட்டுமான்னுதான் கேட்டேன்."

அப்போதும் எனக்கு அது உறைக்கவில்லை. டீச்சர் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த திருவிருந்து ஞாயிறுக்குப் பிரசங்கம் தயார் செய்தேன். நன்றாகவே அமைந்தது. பெயர் சொல்லவில்லை, ஆனால் பெயர் சொல்ல என்ன இருக்கிறது, நான் தேமல் என்று சொல்லும்போதெல்லாம் நூறு தலையும் ஒரே பக்கம் திரும்பின. டீச்சர் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பந்தியில் வந்தார். நடுவில் முழங்கால் போட்டார். இரண்டு பேர் எழுந்து அடுத்த பந்திக்குப் போனார்கள். அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன், அடுத்த கட்டுரையில் பயன்படும் என்று. டீச்சர் குடித்தார். அவருக்கு அடுத்து இருந்தவர் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிற அருளப்பன். நான் துடைப்பதற்குள் பாத்திரத்தைப் பிடித்து இழுத்துக் குடித்தார். எப்போதும் ஒரு மடக்கு கூடக் குடிக்கிற ஆள், அன்றைக்கும் அப்படித்தான். அதற்கடுத்து ஒரு பெண், அவளுக்கடுத்து அவள் மாமியார். பாத்திரம் நடந்துகொண்டே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வேதம், மருத்துவம், மானிடவியல் மூன்றும் சேர்ந்து இத்தனை பேரின் வாயைத் திறந்துவிட்டன என்று பட்டது.

கடைசிப் பந்தி முடிந்தது. பாத்திரத்தில் இரண்டு மடக்கு இருந்தது. நான் திரும்பினேன். ஏசுவடியான் சின்னக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

அவன் பேரில் தப்பில்லை. ஒவ்வொரு மாதமும் செய்கிறதைச் செய்தான். எனக்கு முன்னால் பீடம், எனக்கு இடப்பக்கம் திறந்த கதவு, வெளியே வெயில். அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இத்தனை பேர் குடித்த பிறகு, இத்தனை பேருக்கு நான் சொன்ன பிறகு. அப்புறம் என் கால் நடந்தது. ஊற்றினேன். உள்ளே திரும்பி வரும்போது டீச்சரைப் பார்த்தேன். தன் இடத்தில் முழங்காலில் இருந்தார். கண்ணை மூடவில்லை.

உடுப்பைக் கழற்றும்போது ஏசுவடியான் வந்தான். வெகுளி. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ஐயா, ஒரு விளக்கம். போன கிறிஸ்மஸுக்கு நான் காலேஜ் கோயிலுக்கு வந்திருந்தம்லா. அங்க மிச்சத்த நீங்களே குடிச்சிட்டீய. இங்க மட்டும் ஏன் கீழ ஊத்துதிய?"

"சர்க்கரைடே" என்றேன்.

"அங்க உள்ள ரசத்துல சர்க்கர கம்மியோ?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் உடுப்பை மடிக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு டீச்சர் அந்தப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். "வாசிச்சிட்டேன் ஐயா, நல்லா எழுதியிருக்கீங்க." வீட்டுக்கு வந்து புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் "அருந்துகிறார்" என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், பிள்ளைகள் நோட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், "பிழைதிருத்தம் எழுதவும்."

அதற்கடுத்த மாதம் டீச்சர் கடைசிப் பந்திக்குப் போய்விட்டார். கடைசி ஆளாக. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அருளப்பன்தான் பீடத்துக்கு முன்னாலிருக்கிற கிராதித் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று, "டீச்சர், இங்க வாங்க, எடம் கெடக்கு" என்று எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டார். டீச்சர் சிரித்துக் கையை ஆட்டினார். பழக்கம் விடவில்லை போலும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு ஈரலில் ஏதோ வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் மாற்றல் உத்தரவு வந்திருந்தது. போவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்க முடியுமா என்று பக்கத்து வீட்டு கிளோரியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நோயாளிகளுக்கென்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, அதில் சின்னப் பாத்திரம். எடுத்துக்கொண்டு போனேன். ஏசுவடியானைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வேண்டுமென்றேதான்.

பகல் பதினொரு மணி. கிளோரி அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் கை முழங்கைவரை வெள்ளையாகியிருந்தது. முகத்திலும் பாதி. உடம்பு முழுக்க வெளுத்துவிட்டால் அவன் சுத்தம் என்று அதே அதிகாரத்தில் ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே நின்றுகொண்டு நான் அதைத்தான் நினைத்தேன். மனுஷன் புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

அப்பம் கொடுத்தேன். தலையணையோடு தூக்கிப் பிடித்துப் பாத்திரத்தை வாயில் வைத்தேன். ஒரு மடக்குதான் இறங்கியது. பாத்திரம் என் கைக்கு வந்துவிட்டது. முக்கால்வாசி இருந்தது. அந்த அறையில் இடப்பக்கம் கதவு இல்லை. நான் அன்றைக்குக் குடித்துவிடுவதென்றுதான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். தொத்தாது என்று ஜீனத் எழுதிக் கொடுத்த சீட்டு என் மேசையிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லின் வேர் எனக்குத் தெரியும். இந்த வழக்கம் எதற்காக வந்தது என்று உலகம்மாள் சொன்னதும் தெரியும். எல்லாம் தெரிந்த ஒரு மனிதன் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, ஜன்னலுக்கு வெளிய ஒரு செம்பருத்தி நிக்கி. நான் வெச்சதுதான். அந்தப் பக்கம் யாரும் நடக்கமாட்டாங்க."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பார்க்கப்படக் கூடாதென்று.

அதில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விடை தெரியாமல் பலகைக்கு முன்னால் நின்றால், போய் உட்காரு என்று சொல்வார்களே, அப்படி. கோபத்தில் சொல்லியிருந்தால் நான் குடித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஜன்னலைத் திறந்தேன்.

ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அடக்க ஆராதனை நான்தான் நடத்தினேன். மகன் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தான். அம்மா உங்களைப் பற்றி நிறையச் சொல்லுவாங்க ஐயா, அவங்களுக்காக நீங்க ஒரு புத்தகமே எழுதினீங்களாமே என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது இருக்கிற சபையில் ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம். கொரோனாவுக்குப் பிறகு வந்த ஏற்பாடு, உங்கள் சபையிலும் அப்படித்தான் இருக்கும். பாத்திரம் கிடையாது, மீதி கிடையாது. சுகாதாரம் என்று எல்லாருக்கும் திருப்தி. என் கைக்கு மட்டும் அது போதவில்லை. கிண்ணத் தட்டைப் பீடத்தில் வைத்த பிறகும் கை எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல மடங்கியே இருக்கிறது. இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே கதவே இல்லை, அந்தக் கோயில் வேறு கோயில். நான் இனிக் குடிக்க வேண்டும் என்று நினைத்தாலும் குடிப்பதற்கு அந்தப் பாத்திரம் எங்கேயும் கிடையாது. அறிவுக்கும் கைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று உளவியல் படித்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஆராய்ந்திருக்க வேண்டும் என்று சில சமயம் தோன்றும். நாலாவது துறையாக. நாங்கள் விட்டது அதுவாகத்தான் இருக்கும்.

சரி. உங்களுக்கு நேரமாகிறது. படிவத்தைக் கொடுங்கள். இதோ, போட்டுவிட்டேன்.

ஏழாம் பக்கத்தை மட்டும் திருத்த வேண்டும். பொய்யை இரண்டாம் முறை அச்சில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன், அதில் உறுதியாக இருக்கிறேன். "அருந்துகிறார்" என்பதை அடித்துவிடுங்கள். அந்த வாய் பற்றிய வாக்கியமும் போகட்டும். போனால் கட்டுரையின் முதுகெலும்பு போய்விடும் என்கிறீர்கள், தெரியும். அதற்குப் பதில் நான் ஒரு வாக்கியம் யோசித்து வைத்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "சில சபைகளில் மீந்த ரசம் மண்ணில் ஊற்றப்படுகிறது."

ஆமாம், ஊற்றப்படுகிறது. செயப்பாட்டு வினைதான். ஆய்வுக்கட்டுரைக்கு அதுதான் பொருத்தம். யாரால் என்று போட வேண்டியதில்லை, படிக்கிறவர் கவனம் ஓர் ஆள் பக்கம் போய்விடும், நம்முடைய பொருள் ஆள் இல்லையே. சபையின் பெயரும் வேண்டாம். டீச்சரின் பெயர் இருக்கட்டும், அது கட்டுரையில் ஏற்கெனவே இருக்கிறது.

எழுதுங்கள். பேனாவை ஏன் மூடிவிட்டீர்கள்?